புஷ்பபாய் வெட்டுன பேரு

காரோடு ஊருல புஷ்பபாய்ன்னு கேட்டா ஆளு யோசிப்பாங்க. கல்லுக்காரி புஷ்பம்ன்னு கேட்டா வீட்டு வாசல்ல கொண்டு விடுவாங்க. வயசு அம்பத்தொண்ணு. அதுல இருபத்திரெண்டு வருஷம் குவாரியில சல்லி உடைச்சா. தென்னோலைக் கீத்து ஒண்ணை நிழலுக்குச் சாய்ச்சு வச்சு, குத்தவச்சு உக்காந்து, இடது காலால கல்லை அமுக்கி, வலது கையால சுத்தியல். முக்கால் இஞ்சு, ஒண்ணரை இஞ்சு, எந்த அளவு கேட்டாலும் கோல் வைக்காம உடைச்சுத் தள்ளுவா. அவ உடைச்ச கல்லு எத்தனை வீட்டு கான்கிரீட்டுல கிடக்குன்னு எவனும் எழுதி வைக்கல்ல. அந்தக் குவாரியில மஸ்டர் ரோல்ன்னு ஒண்ணு இருந்ததே இல்ல. வேலை செஞ்சவங்க பேரு முதலாளிக்கே தெரியாது.

கல்லு உடைக்கிறவளுக்கு கண்ணை விட காது முக்கியம். வெளிய உள்ளவங்களுக்கு இது தெரியாது. சுத்தியல் விழுந்ததும் கல்லு ஒரு ஒச்ச, ஒரு சத்தம், குடுக்கும். நல்ல கல்லுன்னா மணி மாதிரி நின்னு கேக்கும். உள்ள விரிசல் இருந்தா சளி பிடிச்சவன் பாடுன மாதிரி அடைச்சுப் போவும். புஷ்பபாய் அதுக்கும் மேல. ஒரு தடவை கண்ணைக் கட்டிவிட்டு மூணு குவாரிக் கல்லை முன்னால வச்சாங்க. தட்டிப் பாத்து இது காரோடு, இது வெள்ளறடைப் பக்கம், இது களியக்காவிளைக்கு அந்தப்புறம்ன்னு மூணையும் சொன்னா. பந்தயத்துல தோத்த லாரி டிரைவர் ஒரு குலை மட்டி வாழைப்பழம் கொண்டு வந்து இறக்கினான்.

அதே குவாரியில மெஷின் வச்சு பாறையில வெடிக்குழி அடிச்சவன் சுந்தரதாஸ். குழி அடிக்க நாலு பேரு இருந்தாங்க. இவன் ஒருத்தன்தான் இடங்கையன். குழி தொடங்கும்போது மெஷின் முனை வழுக்காம இருக்க, முதல்ல உளியால ஒரு சின்ன வாய் வெட்டணும். மத்த மூணு பேரு வெட்டுன வாயில உளித்தடம் ஒரு பக்கமா சாயும். சுந்தரதாஸ் வெட்டுனா நேர் எதிர்ப்பக்கம் சாயும். கல்லு வெடிச்சுத் துண்டா விழுந்த பிறவும், துண்டுல பாதிக் குழி ஒட்டியிருந்தா, இது எவன் கைன்னு பெண்ணாட்கள் சொல்லிருவாங்க.

வெடி வச்சப்பறம் உருண்டு வர்ற பெரிய கல்லுகளை, உடைக்கிற பெண்ணோட முன்னாலயே நின்னு குழி அடிச்சுப் பிளந்து குடுக்கணும். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசத்துல புஷ்பபாய் ஒண்ணு கவனிச்சா. அவளுக்குப் பிளந்து போடுற கல்லுல மட்டும், குழி வாய்க்குப் பக்கத்துல, நகம் அளவுக்கு ஒரு கீறல். மரத்துக்கு நார் ஓடுற மாதிரி பாறைக்கும் உள்ளுக்குள்ள ஒரு ஓட்டம் உண்டு. குழி அடிக்கிறவனுக்கு அது கையில தெரியும். அந்த ஓட்டம் எங்கேன்னு இவன் கீறிக் காட்டுறான். கீறல்ல சுத்தியல் வச்சா ஒரே அடி, கல்லு ரெண்டு. மத்த பெண்ணுங்க நாலு அடி அடிக்கிற இடத்துல இவளுக்கு ஒண்ணு போதும். ஆறு மாசம் ரெண்டு பேருக்கும் அந்தக் கீறல்தான் பேச்சு. பிறவு காரோட்டு வேதக்கோயில்ல வச்சு கல்யாணம். ஒரே மகள், லிஷா.

குவாரியை மூடுனாங்க. குழியில தண்ணி நிறைஞ்சு குளமாச்சு. புஷ்பபாய் தொழிலுறப்புன்னு சொல்லுற நூறு நாள் வேலைக்குப் போனா. சுந்தரதாஸ் சவூதிக்குப் போனான், அங்கயும் பாறை துளைக்கிற வேலைதான். நாலு வருஷம் வாரத்துக்கு ரெண்டு தடவை போன்ல விளிச்சான். பிறவு ஒரு நாள், கம்பெனி எகிப்துக்குக் கொண்டு போவுது, அங்க மலை வெட்டி ரோடு போடணுமாம், போய்ச் சேந்துட்டு விளிக்கேன்னு சொன்னான். அதோட சரி. மூணு வருஷமும் நாலு மாசமும் ஒரு ஒச்ச இல்ல.

கதை மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. கோட்டுகால் ஊர்க்காரன் ஈசாக், கப்பல்ல வேலை பாக்குறவன், லீவுக்கு வந்தப்ப சொன்னான்: "சுந்தரதாஸா? கெய்ரோவுல ஒரு கடையில கண்டேனே. கூட ஒருத்தி நின்னா. வெளுத்துச் சிவந்து." நேர்ல கண்டானா, கேட்டதைச் சொன்னானா, யாரும் குறுக்குக் கேள்வி கேக்கல. வாய்க்கு ருசியா இருக்கிற கதையை எவன் குறுக்குக் கேள்வி கேப்பான்?

இருபத்திரெண்டு வருஷம் வெயில்ல அழாதவ அன்னைக்கும் அழல. கோயிலுக்குப் போனா. சபையில ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வீட்டுல உள்ளவங்க பேரை எல்லாம் எழுதி வைக்கிற குடும்பப் புக்கு ஒண்ணு உண்டு. சபையைக் கவனிக்கிற உபதேசியார் யோசுவா பொறுப்புல இருக்கும்.

"உபதேசியாரே, எனக்க வீட்டுப் பக்கத்தை எடும். முதல்ல உள்ள அவருக்க பேரை வெட்டும்."

"புஷ்பம், செத்தாதான் வெட்டுவோம்."

"எனக்குச் செத்தாச்சு. வெட்டும்."

யோசுவா நல்ல மனுஷன், பயந்த மனுஷன். செவப்பு மையால ஒரு கோடு போட்டாரு. கோடு நேரா விழல.

இது போன வருஷம். இந்த வருஷம் லிஷாவுக்குத் திருப்புறத்துல மாப்பிள்ளை அமைஞ்சுது. பேரு டெனில், எலக்ட்ரீசியன். கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு, இன்னாருக்க மகனுக்கும் இன்னாருக்க மகளுக்கும் விவாகம், தடை உண்டுன்னா சொல்லுங்கன்னு சபையில வாசிப்பாங்க. ஓலை வாசிக்கிறதுன்னு சொல்லுவாங்க. முதல் ஓலைக்கு ஆறு நாள் இருக்கு. திங்கக்கிழமை மத்தியானம், தோள்ல ஒரு துணிப்பையோட, பாதி உடம்பா, சுந்தரதாஸ் வந்து முற்றத்துல நிக்கான்.

புஷ்பபாய் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிட்டு இருந்தா. கத்தியைக் கீழ வைக்கல்ல.

"எங்க கெடந்தீரு?"

"மலைல."

"எந்த மலைல? கெய்ரோ மலைலயா?"

"கெய்ரோவா? விமானம் ஏறத்தான் கெய்ரோ கண்டேன், புஷ்பம். அதுவும் சன்னல் வழி."

"பாஸ்போர்ட்டு எங்க?"

"ஏஜன்டுகிட்ட போச்சு. எம்பசியில அதுக்குப் பதிலா ஒரு வெள்ளக் கடலாசு தந்தாங்க. அதைத் திருவனந்தபுரத்துல இறங்குனதும் ஏர்போர்ட்டு ஆபீசர் வாங்கி வச்சுக்கிட்டான்."

"போன்ல படம்?"

"போனு முதல் கோடையிலயே வெடிச்சுப் போச்சு."

"அப்ப ஒரு சாட்சியும் இல்ல."

"நான் உண்டு."

"நீரு சாட்சி இல்ல ஓய். நீரு பிரதி, கூண்டுல நிக்க குற்றவாளி."

படுக்க விறகுப்பெரைக் கொட்டகையைக் காட்டிட்டு உள்ள போய்ட்டா. சாப்பாடு லிஷா கையில குடுத்து விட்டா. சனிக்கிழமை சாயங்காலம் யோசுவா ஓலை எழுதுவாரு. தகப்பன் பேரை எப்படிப் போடணும்ன்னு அதுக்குள்ள அவ சொல்லணும். காலஞ்சென்றன்னு போட முடியாது, ஆளு விறகுப்பெரையில மரச்சீனி தின்னுட்டு இருக்கான். வெறும் தாய் பேரு போட்டா சபையே திரும்பிப் பாக்கும். இவன் பேரைப் போட்டா, அந்த மூணு வருஷத்தை அவ ஏத்துக்கிட்டான்னு அர்த்தம். கெய்ரோக்காரி உண்டுன்னா அதையும் சேத்து. லிஷா அம்மாவை அவசரப்படுத்தல. "நீ சொல்லுததுதான் எனக்கும்"ன்னு ஒரே வாக்குல ஒதுங்கிட்டா.

ஒருத்தன் மூணு வருஷம் எங்க இருந்தான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? புஷ்பபாய்க்கு முன்னால இருந்த கேள்வி அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு சரோஜம் வேலி ஓரமா வந்தா. இவளும் பழைய கல்லுக்காரி. வாயை அடக்கத் தெரியாது. "அண்ணே, மூணு வருஷம் என்னத்தைக் கண்டீங்க அங்க?"ன்னு விறகுப்பெரையைப் பாத்துக் கேட்டா.

தன்னைப் பத்திச் சொல்லுவான்னு நினைச்சா, அவன் சொன்னான்: "ஒரு ராஜாவைக் கண்டேன்."

"எந்த ராஜா?"

"ஒரு பார்வோன்."

"பார்வோனா? அவன் செங்கடல்ல முங்கிச் செத்தாம்லா!"

"அது வேற ஆளாக்கும். பார்வோன்னா ஒரு ஆளுக்க பேரு இல்ல சரோஜம். நம்ம கலெக்டர் மாதிரி. ஒருத்தன் போனா அடுத்தவன் வருவான். நூறு நூத்தம்பது பேருக்கு மேல இருந்தானுவ."

சரோஜம் வாயைப் பொத்திக்கிட்டா. யோசேப்புக்கு மோதிரம் போட்டவனும், மோசேகிட்ட வம்பு இழுத்தவனும் ஒரே ஆளு, வயசாகி புத்தி கெட்டுப் போச்சுன்னுதான் அவ சண்டே ஸ்கூல்ல இருந்து நம்பிட்டு வந்தா. காரோட்டுல முக்கால்வாசிப் பேரு அப்படித்தான் நம்புறாங்க.

"இவன் பேரு மெந்துஹோதெப். அந்தப் பேருல நாலாவது ஆளு. நாலாயிரம் வருஷம் ஆவுது. இவனுக்குச் சமாதி கெடயாது. பிணம் கெடயாது. செலை கெடயாது. இப்படி ஒருத்தன் இருந்தான்னு பெரும்பாலும் எப்படித் தெரியும்ன்னு கேளு."

"எப்படி?"

"கல்லு வெட்டப் போனவனுவ பாறையில எழுதி வச்சிருக்கானுவ."

உள்ள அரிசி களைஞ்சுட்டு இருந்த புஷ்பபாயோட கை நின்னுச்சு. நேரா பேச மாட்டேன்னு வைராக்கியம். லிஷாவை விளிச்சா. "மக்கா, கேளு. அந்தக் கல்லுக்கு என்ன நெறம்ன்னு."

"அப்பா, கல்லுக்கு என்ன நெறம்?"

"வெயில்ல கறுப்பு. நனைஞ்சா பச்ச. நம்ம கல்லு மாதிரி மினுமினுன்னு பொடி கெடயாது. மாவு மாதிரி நைசு."

"கேளு மக்கா, ஓட்டம் உண்டுமான்னு."

"உண்டுன்னு சொல்லு. ஆனா பிடி தராது. முதல் ரெண்டு மாசம் எனக்கே தெரியல்ல."

லிஷா தலையில அடிச்சுக்கிட்டா. "ரெண்டு பேரும் ஒரே முற்றத்துலதான் நிக்கீங்க. நான் என்ன டெலிபோனா?"

இப்படித்தான் ராஜா கதை காரோட்டுக்கு வந்துச்சு. மூணு நாளா, துண்டு துண்டா.

நைல் ஆத்துல இருந்து செங்கடலுக்குப் போற வழியில வாதி ஹம்மாமாத்ன்னு ஒரு மலையிடுக்கு. ஒரு புல்லு முளைக்காது. ரோட்டை அகலப்படுத்த இவங்களை அங்க கொண்டு போய் டென்ட்டுல போட்டாங்க. வெள்ளிக்கிழமை வேலை இல்லைன்னா லாரியில தொத்தி எழுத்துப்பாறைக்குப் போவாங்க, அங்க மட்டும்தான் நிழல் உண்டு. காவல்காரன் ஒருத்தன் இருந்தான். சுந்தரதாஸுக்கு சவூதியில படிச்ச அரபி. அதை வச்சுக் கேட்டான், காவல்காரன் ஒவ்வொண்ணாக் காட்டிக் குடுத்தான்.

"பாறை முழுக்க எழுத்து. நம்ம பஸ் ஸ்டாண்டு சுவரு மாதிரி, ஆயிரம் வருஷமா வந்தவன் போனவன் எல்லாம் எழுதியிருக்கான். அதுல இந்த ராஜாவுக்க ஆளுகளுக்க எழுத்தும் உண்டு. நான் கையை வச்சுப் பாத்தேன் சரோஜம். உளித்தடம். எடுத்து எடுத்துக் கொத்தியிருக்கான். ஒரு இடத்துல உளி வழுக்கி இருக்கு, வழுக்குன கோடு அப்படியே நிக்குது. நேத்து சாயங்காலம் சாயா குடிக்க எறங்கிப் போன மாதிரி. திரும்பிப் பாத்தேன், ஆளு வாறானான்னு. நேரு சொல்லுதேன், பொய்யில்ல. திரும்பிப் பாத்தேன்."

சரோஜத்துக்குக் கை மயிரு எந்திரிச்சு நின்னுச்சு. காட்டுனா.

ராஜாவோட ரெண்டாம் வருஷம். ராஜா செத்தா உள்ள வைக்கிற கல்பெட்டிக்கு மூடி வேணும். மந்திரி அமெனெம்ஹாத் பத்தாயிரம் பேரைக் கூட்டிட்டு மலைக்குப் போறான். எந்தப் பாறையை எடுக்கன்னு தெரியாம நிக்கும்போது, சினையா ஒரு மான் வருது. அத்தனை ஆளைக் கண்டும் ஓடல. நேரா நடந்து வந்து ஒரு பாறை மேல ஏறி, அங்க வச்சே குட்டி போடுது. பத்தாயிரம் பேரும் பாத்துட்டு நிக்காங்க. அந்தப் பாறைதான் ராஜாவுக்கு உள்ள மூடின்னு முடிவு பண்ணுறாங்க. எட்டு முழ நீளம், நாலு முழ அகலம், ரெண்டு முழ கனம்.

"பிறவு மானை என்ன செஞ்சாங்க?" புஷ்பபாய்தான் கேட்டா. வாசப்படிக்கு வந்து நின்னு, நேரா அவன் முகத்தைப் பாத்து. வைராக்கியம் போன இடம் அவளுக்கே தெரியல்ல.

சுந்தரதாஸ் சொன்னான்: "அந்தப் பாறை மேலயே கழுத்தை அறுத்துப் பலி குடுத்தானுவ."

"பெத்த மானையா?"

"ஓம்."

அவனே மேல சொன்னான். சில நாள்ல மழை பெஞ்சுதாம், அந்தப் பாலைவனத்துல. பள்ளத்தாக்குக்கு நடுவுல ஒரு கிணறு தெரிஞ்சுதாம், வாய் வரைக்கும் தண்ணி. அதுக்கு முன்னால போனவன் வந்தவன் ஒருத்தன் கண்ணுலயும் படாத கிணறு. கடைசியில மூவாயிரம் பேரு சேர்ந்து அந்த மூடியைக் கொண்டு போனாங்க. ஒரு மனுஷன் சாகல்ல, ஒரு கழுதை சாகல்ல, ஒரு வேலைக்காரனும் தளரல்லன்னு மந்திரி எழுதி வச்சிருக்கான்.

புஷ்பபாய் சிரிச்சா. வருஷங்களுக்கு அப்புறம் அந்த வீட்டுல கேட்ட சிரிப்பு. "பத்தாயிரம் பேரு கல்லுல வேலை செஞ்சு ஒருத்தனும் சாகலியாம்! நம்ம முதலாளி லேபர் ஆபீசருக்கு எழுதிக் குடுத்த மாதிரில்லா இருக்கு. அது கள்ளம்."

"அப்ப மானும் கள்ளம்தானே?"ன்னு சரோஜம் மடக்குனா.

"இல்ல. மான் நேரு."

"அதெப்படிடீ?"

"கள்ளக் கதை கட்டுதவன் மானை உயிரோட விட்டிருப்பான். குட்டியும் தாயுமா மலைக்கு ஓடிச்சுன்னு முடிச்சிருப்பான். கேக்க நல்லா இருக்கும்லா. இவன் அறுத்ததையும் எழுதியிருக்கான். நடந்ததுனால எழுதியிருக்கான்."

பெரிய படிப்பு படிச்சவங்க ரூமுக்குள்ள இருந்து செய்யுற வேலையை, எட்டாங்கிளாசு முடிக்காத ஒருத்தி வாசப்படியில நின்னு செஞ்சா. எது நேரு, எது கள்ளம், எதுக்காகன்னு. அவ சொன்னது சரியான்னு யாராலயும் சொல்ல முடியாது. கேட்ட விதம் சரி.

வியாழக்கிழமை லிஷா வேலை முடிஞ்சு வந்தா. அவ பாறசாலையில, ஆதாரும் சர்ட்டிபிகேட்டும் எடுத்துக் குடுக்குற அக்ஷயா சென்டர்ல இருக்கா. மத்தியானம் ஆளில்லாத நேரத்துல கம்ப்யூட்டர்ல தேடியிருக்கா.

"அம்மா, அந்த ராஜா உண்டு."

புஷ்பபாய் துணி மடக்குறதை நிறுத்தல. "என்ன எழுதியிருக்கு?"

"பிற்காலத்துல ராஜாக்க பேரை எல்லாம் வரிசையா கல்லுல வெட்டி வச்ச பட்டியல் உண்டாம், ஒண்ணு கோயில்ல, ஒண்ணு ஒரு சமாதியில. ரெண்டுலயும் இவன் பேரு இல்ல. பழைய கடலாசுப் பட்டியல் ஒண்ணுல, இவன் இருக்கவேண்டிய இடத்துல ஏழு வருஷம் ஆளில்லன்னு கெடக்காம். வெறும் ஏழு வருஷம். அந்த எழுத்துப்பாறை, வேற ரெண்டு மூணு எடத்துல பாறையில பேரு, ஒரு உடைஞ்ச கல்பாத்திரத்துக்க துண்டு, அவ்வளவுதான். அப்பா சொன்ன மூடி எங்க கெடக்குன்னு இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது."

"பட்டியல்ல இருந்து அவனை வெட்டுனது யாரு?"

"வெட்டுனாங்களா, விட்டுப்போச்சான்னே தெரியாதாம். அந்த மந்திரி பேருலதான் அடுத்த ராஜா வாறான். அதே ஆளுதான்னு நெறைய பேரு நினைக்காங்க. மந்திரி இவனைத் தள்ளிட்டு உக்காந்தானா, இவனே குடுத்துட்டுப் போனானா, அதுக்கும் தெளிவு இல்ல."

புஷ்பபாய் மடக்குன சேலையை மறுபடி விரிச்சா. மறுபடி மடக்குனா. பட்டியல்ல இருந்து ஒரு பேரை வெட்டுறதுக்கு என்ன வேணும்ன்னு அவளுக்குத் தெரியும். ஒரு நிமிஷமும் கொஞ்சம் செவப்பு மையும் போதும்.

"அப்ப உனக்க அப்பா சொன்னது நேரு."

"ராஜா நேரும்மா. அப்பா அங்க நின்னாருன்னு இதுல எங்க இருக்கு? இதை எல்லாம் கெய்ரோவுல உக்காந்தும் படிக்கலாம். காரோட்டுல இருந்தும் படிக்கலாம். நானே இப்ப படிச்சுட்டு வந்து உன்கிட்ட சொல்லல்லியா?"

லிஷா சொன்னது நியாயம். வெள்ளிக்கிழமை முழுக்க புஷ்பபாய் தொழிலுறப்புல மண்ணு வெட்டிக்கிட்டு அதையே நினைச்சா.

சனிக்கிழமை காலையில மழை. சுந்தரதாஸ் கோழிக்கூட்டுக்கு ஓலை மாத்திட்டு இருந்தான். புஷ்பபாய் பின்பக்கம் கூரைக்குக் கீழ தொட்டிக்கல்லுகிட்ட பலாச்சக்கை வெட்ட உக்காந்தா. கத்தி மழுங்கிக் கிடந்துச்சு. தீட்ட ஒரு கல்லு தேடுனா. தொட்டிக்குக் கீழ, அவன் துவைச்சுக் காயப்போட்ட துணிப்பை காத்துல பறக்காம இருக்க அது மேல ஒரு கல்லு வச்சிருந்தான். ரெண்டு கை அகலம். எடுத்தா. கனமா இருந்துச்சு, இருக்க வேண்டியதை விட. கத்தியை ஒரு இழுப்பு இழுத்தா.

ஒச்ச கேட்டு கை அப்படியே நின்னுச்சு.

இன்னொரு இழுப்பு. பிறவு கத்தியைக் கீழ வச்சுட்டு உள்ள போய், பரண்ல கிடந்த பழைய சுத்தியலை எடுத்துட்டு வந்தா. பிடியில தூசி. கல்லை இடது காலுக்குக் கீழ அமுக்கல்ல. மடியில வச்சு, பைய ஒரு தட்டு தட்டுனா.

அது காரோடு இல்ல. வெள்ளறடை இல்ல. களியக்காவிளைக்கு அந்தப்புறமும் இல்ல. அம்பத்தொண்ணு வருஷத்துல அவ காதுல விழுந்த எந்தக் கல்லும் இல்ல. மெல்லிசா, நீளமா, கோயில் மணி அடிச்சு முடிஞ்ச பிறவு மிச்சம் நிக்குமே, அந்த மாதிரி நின்னுச்சு ஒச்ச. மழையில கொண்டு நீட்டுனா. கறுப்பா இருந்த கல்லு அவ கண்ணு முன்னால பச்சையாச்சு. குளத்துப் பாசிப் பச்சை இல்ல, முத்தின வெத்திலைக்க மேல்பக்கம் உள்ள கரும்பச்சை. விரலால தடவுனா. மாவு மாதிரி நைசு.

நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால ஒரு மான் குட்டி போட்ட பாறையும் இதே வகைதான். இதே ஒச்சைதான் அந்தப் பத்தாயிரம் பேரும் கேட்டிருப்பாங்க. சல்லி உடைச்ச பெண்ணு ஒருத்தி இருந்திருந்தா அவளும் கேட்டிருப்பா. புஷ்பபாய்க்கு உள்ளுக்குள்ள, கோயில்ல மண்டி போடும்போது வர்ற பயம் மாதிரி ஒண்ணு.

ஆனா அவ கல்லுக்காரி. பயத்தோட நிறுத்தல. இந்தக் கல்லை எகிப்துல எந்தச் சந்தையிலயும் வாங்கியிருக்கலாம். திருப்புனா.

மறுபக்கம் பாதிக் குழி. மேல வாய். வாயில உளித்தடம். எதிர்ப்பக்கமா சாயுது. இடங்கை.

சரி. உலகத்துல இடங்கையன் ஆயிரம் பேரு உண்டு. வாயைச் சுத்தி விரலை ஓட்டுனா. ஓட்டிட்டே வந்த விரல் ஒரு இடத்துல தட்டுச்சு.

நகம் அளவுக்கு ஒரு கீறல்.

சக்கையில ஈ மொய்க்கிறது கூட அவளுக்குத் தெரியல்ல. எவ்வளவு நேரம் இருந்தாளோ, கல்லைத் தூக்கிட்டு கோழிக்கூட்டுக்கு நேரா நடந்தா.

"ஓய். இது எங்க எடுத்தீரு?"

"ரோடு வெட்டுன இடத்துல. எழுத்துப்பாறையில இல்ல கேட்டியா, அங்க தொட்டா போலீசு பிடிக்கும். அது கொறே தூரம் தள்ளி. கடைசி நாள் அடிச்ச குழி. சும்மா, ஓர்மைக்கு வச்சுக்க எடுத்தேன்."

"இந்தக் கீறு யாருக்கு?"

அவன் குனிஞ்சு பாத்தான். அவனுக்கே புதுசா இருந்த மாதிரி பாத்தான். "எந்தக் கீறு?"

"தெரியாத மாதிரி களிக்காதீரும். அங்க எவ உக்காந்து கல்லு உடைச்சா? எவளுக்குக் கீறிக் குடுத்தீரு?"

"எட்டி, அங்க பெண்ணாட்கள் கெடயாது. ஆணாட்களும் உடைக்கல்ல. மெஷின் வந்து வாரிக்கிட்டுப் போவும்."

"பின்ன எதுக்குக் கீறு?"

சுந்தரதாஸ் கையில இருந்த ஓலையைக் கீழ வச்சான். "கை அறியாம போடும் புஷ்பம். முதல் குழியில போட்டேன். கூட நின்ன பங்களாதேஷ்காரன் கேட்டான், இது என்னதுன்னு. எனக்குச் சொல்லத் தெரியல்ல. பிறவு எல்லாத்துலயும் போட்டேன். மூணு வருஷம். அந்த ரோட்டுக்கு அடியில எத்தனை ஆயிரம் கெடக்கோ."

"மூணு வருஷம் கல்லுல கீறுனீரு. ஒரு தடவை விளிச்சுக் கூடாதா?"

"முதல்ல ரேஞ்சு இல்ல. பிறவு சம்பளம் இல்ல, அனுப்ப ஒண்ணும் இல்ல. என்ன சொல்லி விளிக்க? நாள் போவப் போவ நாக்கு எழும்பல்ல."

"துட்டா கேட்டேன் நான்? ஒச்ச கேட்டேன்."

தப்பு அவன் பேருல. அதை இந்தக் கல்லு மாத்தாது, அவளும் மன்னிச்சேன்னு சொல்லல. ஆனா எங்க இருந்தான்ங்கிற கேள்வி முடிஞ்சு போச்சு. ஈசாக் கண்டதுன்னு சொன்னது வெறும் வாய். இது கல்லு.

நாலு மணிக்கு மழை விட்டுது. புஷ்பபாய் கல்லைச் சேலை முந்தியில பொதிஞ்சு எடுத்துக்கிட்டு கோயிலுக்குப் போனா. யோசுவா மேசையில ஓலைக் கடலாசை விரிச்சு வச்சு, தகப்பன் பேரு எழுதுற இடத்தை மட்டும் விட்டுட்டு, பேனாவைக் கடிச்சுட்டு இருந்தாரு.

"குடும்பப் புக்கை எடும் உபதேசியாரே."

எடுத்தாரு. காத்துல பக்கம் பறந்துச்சு. அவ கல்லை எடுத்து பக்கத்து மேல வச்சா. செவப்புக் கோட்டுக்குக் கீழ பேரு தெளிவாத்தான் கிடந்துச்சு. கோணக் கோடு. அவளோட கோடு.

"வெட்டுனதை அழிக்க ஒக்காது புஷ்பம். புக்கு கெட்டுப் போவும்."

"அழிக்க வேண்டாம். கெடக்கட்டும். கீழ மறுபடி எழுதும்."

"ஒரே பேரு ரெண்டு தடவையா? பின்னால பாக்குதவன் ரெண்டு ஆளுன்னு நினைப்பான்."

"நினைக்கட்டும். மண்டையப் பிச்சிட்டு யோசிக்கட்டும். ஒண்ணுமே இல்லாததுக்கு இது எவ்வளவோ கொள்ளாம்."

யோசுவா எழுதுனாரு, இந்தத் தடவை நீல மை, கோடு இல்லாம நேரா. பிறவு ஓலையிலயும் எழுதுனாரு. சுந்தரதாஸ், புஷ்பபாய் தம்பதிகளின் குமாரத்தி லிஷா. மை காயுற வரைக்கும் புஷ்பபாய் நின்னு பாத்தா.

"இன்னும் ஒரு பேரு எழுத இடம் உண்டா உபதேசியாரே?"

"யாருக்கு?"

"மெந்துஹோதெப்."

"அது எந்த வீட்டுல உள்ள ஆளு?"

"எகிப்து. பார்வோன்."

யோசுவா கண்ணாடியைக் கழட்டுனாரு. "செங்கடல்ல முங்குனவனா?"

"அவன் இல்ல. இவன் வேற ஆளாக்கும்"ன்னு சொல்லிட்டு கல்லை முந்தியில பொதிஞ்சா. "இவனை எல்லாவனும் விட்டுட்டானுவ. கல்லு வெட்டுனவன் மட்டும் விடல்ல."

வீட்டுக்கு வந்து விறகுப்பெரையில கிடந்த பாயைச் சுருட்டி உள்ள கொண்டு போட்டா. வருஷக்கணக்கா பெட்டியில கிடந்த அவனோட வெள்ளை வேட்டியை எடுத்து உதறுனா.

"நாளைக்கு எட்டு மணிக்குக் கோயில். பேரு வாசிக்கும்போது எழும்பி நில்லும். பிந்தி வராதீரும், கேட்டீரா?"